வேலம்மா கையில் ஒரு முத்து

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டால் தனக்கோடிக்குப் பேச வாய் இருக்காது. கையிரண்டும் அடிச்சேற்றில் இருக்கும். தண்ணீர் இடுப்பளவுதான் என்றாலும் முட்டி போட்டுத் தவழ்ந்து போவதால் தாடை வரைக்கும் நனையும். சேற்றைத் துழாவும்போது விரலில் இறால் முட்டும்; முட்டியதும் அமுக்க வேண்டும், அமுக்கியதும் ஓலைப் பறிக்குள் போட வேண்டும். நண்டாக இருந்தால் அது முதலில் அமுக்கிவிடும். விடிந்து இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும் வரைக்கும் இதுதான் பிழைப்பு. கரையேறிக் கயிற்றை விட்டபின் தாடையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையால் தேய்த்துவிட்டால்தான் சொல் வெளியே வரும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அப்படிக் கரையேறித் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மகள் வேலம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பக்கத்தில் குந்தினாள். அவளுக்கு ஏழு வயது. இடது கையை எதிலும் படாமல் தொங்கவிட்டிருந்தாள்.

“இன்னாடி கையி?”

“ஒண்ணியும் இல்ல.”

“காட்டு.”

தோளுக்குக் கீழே சுற்றியிருந்த கந்தையை வேலம்மா அவிழ்த்தாள். ஒரே ஒரு கொப்புளம். விளிம்பு உருண்டு, நடுவில் தொப்புள்போலக் குழிந்து, உள்ளே தெளிந்த நீரோடு முத்து மாதிரி இருந்தது. சுற்றிலும் சிவந்து கிடந்தது.

அந்த முத்தைத் தனக்கோடி முன்பே பார்த்திருக்கிறாள். ஒன்றல்ல, தலை முதல் கால் வரைக்கும்.

“எப்பலேந்துடி இது?”

“குத்தி அஞ்சு நாளாச்சு. பள்ளிக்கூடத்துல ஒரு தாத்தா வந்து கத்தியால கீறி அம்மை குத்தினாரு. ஆறு பேருக்கு. அழாதவங்களுக்கு வெல்லம் குடுத்தாங்க.”

“நீ அழுவலியா?”

“வெல்லத்த வாங்கினு அழுதேன்.”

தனக்கோடி கந்தையைத் திரும்பச் சுற்றவில்லை. பறியில் இருந்த இறாலை அப்படியே பக்கத்தில் நின்ற பெண்ணின் பறிக்குள் கொட்டினாள். அந்தப் பெண் ஏன் என்று கேட்டாள். இவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஏழு வயதுப் பிள்ளையின் கால் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையை இங்கிலீசுக்காரன் வெடிவைத்துத் தகர்த்து, பிறகு வெறும் கல்மேட்டோடு ஊரை உலாந்தாக்காரனிடமே, அதாவது டச்சுக்காரனிடமே, திருப்பிக் கொடுத்து அப்போது மூன்று வருசம் ஆகியிருந்தது. கொடி மாறியதைத் தவிர குப்பத்து மனிதருக்கு வேறு மாற்றம் தெரியவில்லை. துணிமூட்டை ஏற்றக் கப்பல் வருவது நின்றுபோயிற்று. மூட்டை தூக்கியவர்கள் கிளிஞ்சல் அள்ளப் போனார்கள். காலியான கிடங்குகளில் ஒன்றில் ரோசியம்மா பள்ளிக்கூடம் நடத்தினாள். அவளுடைய அப்பன் கோட்டையில் பீரங்கி துடைத்த உலாந்தாக்காரன். அம்மா இந்த ஊர்க்காரி. பாதிக் கூரை போன அந்தக் கிடங்கில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். மத்தியானம் தலைக்கு ஒரு கொட்டாங்கச்சி அரிசிக் கஞ்சி கிடைத்தது. எழுத்துக்காக யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. கஞ்சிக்காகப் போன பிள்ளை எழுத்தையும் கொஞ்சம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்து இருப்பது அங்கே மட்டும்தான். அதனால்தான் அம்மை குத்துகிற தருமலிங்கம் சென்னப்பட்டணத்திலிருந்து நடந்து நேரே அங்கே வந்திருந்தார்.

பக்கத்துக் குடிசைச் செல்வம்மாள் கொப்புளத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு ஐந்து பிள்ளை பிறந்து மூன்று தங்கியது. கடைசிப் பிள்ளை கோபாலுக்குப் பதினொரு மாதம். குப்பத்தில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் அவள் வாயால் ஒரு பெயர் சொன்ன பிறகுதான் அது அந்த நோய்.

“ஆத்தாதான்,” என்றாள். “ஒத்த முத்தா வந்து குந்திகினா. ஒண்ணோட போறதும் அப்பால எறங்குறதும் அவ இஸ்டம்.”

“கத்தியால குத்தினதுன்னு சொல்றாக்கா.”

“குத்தினா இன்னா? கதவத் தட்டிக் கூப்ட்டா வரமாட்டாளா? கூப்ட்டாங்க, வந்துட்டா. நீ ஒயுங்கா இருந்துக்கோ. போன தபா மாரி இருக்காத.”

போன தபா என்பது இரண்டு வருசத்துக்கு முன்பு. தனக்கோடியின் மூத்தவனுக்கு அம்மை போட்டது. மூன்றாம் நாள் வீட்டில் ஒரு பிடி கேழ்வரகுகூட இல்லை. தசரதன், அவள் புருசன், கிளிஞ்சல் அள்ள வடக்கே போனவன் அதுவரை திரும்பவில்லை. அவள் ஏரியில் இறங்கிவிட்டாள். அம்மை கண்ட வீட்டுக்காரி சேற்றில் இறங்கி, மீன்வாடையோடு உள்ளே வந்தாள். ஆறாம் நாள் பையன் போய்விட்டான். ஏரிக்குப் போனதால்தான் ஆத்தாளுக்குக் கோபம் என்று செல்வம்மாள் சொன்னாள். மற்றவர்களும் சொன்னார்கள். தனக்கோடியும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குப் பிறகு பிறந்த பெண்ணைக் குப்பைமேட்டில் ஒரு சுற்று உருட்டி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயர் வைத்தாள். குப்பையில் கிடந்ததை எந்தத் தெய்வமும் ஆசைப்பட்டு எடுத்துப்போகாது என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது.

அன்றைக்கே வேப்பிலைக் கொத்து கூரையில் ஏறியது. குப்பம்மாளைச் செல்வம்மாள் வீட்டில் விட்டாள். வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. வேலம்மாவை வேப்பிலை பரப்பிய பாயில் உட்காரவைத்து, “இன்னா வோணும் தாயே?” என்று கேட்டாள். பெற்ற பெண்ணைத் தாயே என்று கூப்பிடுவது சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் ஆத்தா இறங்கிய உடம்பு. அது வாயைத் திறந்து கேட்பது ஆத்தா கேட்பது. கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது.

வேலம்மாவுக்கு முதல் நாள் இது பிடித்திருந்தது. இளநீர் கேட்டாள், தசரதன் எங்கோ போய் இரண்டு கொண்டுவந்தான். கதை கேட்டாள், தனக்கோடி சொன்னாள். இரண்டாம் நாள் எழுந்து வெளியே போகவேண்டும் என்றாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு போகலாம் தாயே என்று தனக்கோடி கெஞ்சினாள்.

ஆறாம் நாள் உச்சி வேளையில் ரோசியம்மாவும் தருமலிங்கமும் வந்தார்கள். வேப்பிலையைக் கண்டதும் ரோசியம்மா செருப்பைக் கழற்றித் தள்ளி நின்றாள். தருமலிங்கம் வயதானவர், காஞ்சீபுரம் பக்கத்துக்காரர். வழிநடையில் பாதம் வெடித்திருந்தது. வெயிலுக்குத் தலைத்துண்டை நனைத்துப் போட்டிருந்தார்.

“உன் பொண்ணு இன்னிக்கி வரலியே தனக்கோடி,” என்றாள் ரோசியம்மா.

“எப்படிம்மா வருவா? ஆத்தா வந்துக்கினா.”

தருமலிங்கம் பெருமூச்சு விட்டார். இந்த வார்த்தையை ஊருக்கு ஊர் கேட்டுச் சலித்தவர். “அம்மா, இது மாரியாத்தா அம்மை இல்லை. மாட்டு மடியில வர்ற அம்மை. பசு அம்மை. இது ஒரு தடவை வந்தா அது எந்தக் காலத்திலும் வராது. உன் பிள்ளைக்கு நல்லதுதான் நடந்திருக்கு.”

செல்வம்மாள் தன் வாசலில் இருந்தபடியே கேட்டாள்: “பசுவுன்னா லட்சுமிதானே சாமி?”

“லட்சுமிதான்.”

“அப்போ அவளும் ஆத்தாதான. அப்பால இன்னா வித்தியாசம்?”

தருமலிங்கம் நனைந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சரி, ஆத்தாவே இருக்கட்டும். நான் சொல்றதை மட்டும் கேளு. பட்டணத்திலேர்ந்து ரெண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவுல அம்மைப்பாலைக் காயவெச்சுக் கொண்டாந்தேன். ஆறு பேருக்குக் குத்தினேன். அஞ்சு பேருக்கு எடுக்கலை. உன் பொண்ணு கையில ஒண்ணுதான் எடுத்திருக்கு. எட்டாம் நாள் காலையில அந்த முத்தைக் கீறினா உள்ளே இருக்கிற பாலை மத்தப் பிள்ளைங்களுக்குக் குத்தலாம். ஒன்பதாம் நாள் அது சீழாயிடும். அப்புறம் ஒண்ணுக்கும் ஆகாது. நான் மறுபடியும் பட்டணத்துக்கு நடக்கணும்.”

“ஆத்தா மேல கத்தி வெக்கணுமா?”

“நுனிதான்மா. வலிக்காது.”

“அவளுக்கு வலிக்குமான்னு நான் கேக்கல சாமி.”

ரோசியம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். “அக்கரைக் குப்பத்துல அம்மை கண்டுட்டுது தனக்கோடி. நெசமான அம்மை. முந்தாநாள் ஒரு வூட்ல ரெண்டு புள்ள. அந்தக் காத்து ஏரியத் தாண்ட எத்தினி நாளாவும்? உன் சின்னது கீதே, குப்பம்மா. அதுக்குத்தான் மொதல்ல குத்தச் சொல்றேன். அவளுக்கு இன்னும் ஒண்ணும் போடலியே.”

தனக்கோடி செல்வம்மாள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். குப்பம்மாள் அங்கே மண்ணில் உட்கார்ந்து கோபாலின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்மா. எனக்கு மட்டும் புள்ள மேல ஆச இல்லியா? ஒரு தபா நான் முறையத் தப்பினேன். ஒண்ணைக் குடுத்தேன். இன்னொரு தபா தப்பினா ரெண்டையும் எடுத்துக்குவா. தண்ணி ஊத்தாம நான் இவள வெளிய அனுப்ப மாட்டேன்.”

“எப்போ தண்ணி ஊத்துறே?”

“ஒம்பதாம் நாளு.”

தருமலிங்கம் சிரித்தார். சிரிக்கிற நேரம் இல்லைதான். களைத்த மனிதனுக்குச் சில நேரம் அப்படித்தான் வரும். “ஒரு நாள் முன்னாடி ஊத்தக் கூடாதா?”

“ஒத்தப்படை நாள்லதான் ஊத்தணும் சாமி. எட்டாம் நாள் எவ ஊத்துவா?” என்றாள் செல்வம்மாள்.

அவர்கள் போனார்கள். மணலில் தருமலிங்கத்தின் நடை சாய்ந்து சாய்ந்து போவதைத் தனக்கோடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் பொழுது சாயும்போது தசரதன் கிளிஞ்சல் சூளையிலிருந்து வந்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். விரல் இடுக்குகள் வெந்து வெளுத்திருந்தன. அம்மை கண்ட வீடு என்பதால் அவன் உள்ளே படுப்பதில்லை. வாசலுக்கு வெளியே குந்தி, அவள் நீட்டிய கூழை வாங்கிக் குடித்தான்.

“உப்பு கம்மி.”

“உப்புப் போடக் கூடாது.”

“ஓ.” மறுபடி குடித்தான். “அந்தப் பெரியவரு சூளைக்கு வந்தாரு. எங்கிட்ட வந்து உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லுப்பான்னாரு.”

“நீ இன்னா சொன்னே?”

“எம் பேச்ச அவ எப்போ கேட்டான்னேன். அவரும் வூட்ல அப்படித்தான்னாரு. ரெண்டு பேரும் குந்தி வெத்தல போட்டோம்.”

தனக்கோடிக்குச் சிரிப்பு வரவில்லை. “உனக்கு இன்னா தோணுது?”

தசரதன் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தான். “எனக்கு இன்னா தோணும்? நெறைய நாளா எனக்கு ஒண்ணியும் தோணறதில்லமே. ஆத்தான்னா ஆத்தா. பசுன்னா பசு. நம்மளுக்கு ரெண்டு புள்ள. ரெண்டும் இருக்கணும். எப்படி இருக்கும்னு தெரிஞ்சவன் எவனாச்சும் சொன்னா செய்வேன். அவரு தெரியுன்றாரு. செல்வக்காவும் தெரியுன்றா.”

“அவ பேச்ச நம்புறியா, அவரு பேச்சையா?”

“அவரு கால் வெடிப்பப் பாத்தியா? இத்தினி தூரம் ஒருத்தன் நடந்து வந்து பொய் சொல்லுவானா? ஆனா செல்வக்காவும் பொய் சொல்ல மாட்டா. அதான் பேஜாரா கீது.”

உள்ளே பாயில் படுத்திருந்த வேலம்மா, “நைனா, வெல்லம் வாங்கியாந்தியா?” என்று கேட்டாள்.

“நாளைக்கித் தாயே,” என்றான் தசரதன். கையைத் தட்டிவிட்டு எழுந்து சூளைப் பக்கம் போனான்.

எட்டாம் நாள் காலை. வாடைக் காற்று நின்றுபோய் ஏரி பலகை மாதிரி கிடந்தது. அன்றைக்கு இறங்கியிருந்தால் நல்ல இறால்பாடு கிடைத்திருக்கும். குப்பத்துப் பெண்கள் பறியோடு வரிசையாகப் போனார்கள். தனக்கோடி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கூழைக் கரைத்தாள். நாலாவது நாளாக அதே கூழ்.

வேலம்மா சட்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னா தாயே வோணும்?”

“கஞ்சி.”

“இதான் தாயே.”

“இது இல்ல. ரோசியம்மா ஊத்துற கஞ்சி. சூடா, உப்புப் போட்டு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போவணும்.”

“நாளைக்கித் தண்ணி ஊத்தினு போவலாம் தாயே.”

“இன்னிக்கே போவணும்.” வேலம்மா அழ ஆரம்பித்தாள். பசியில் அழுகிற பிள்ளையின் அழுகை சத்தமாக இருக்கும். “பள்ளிக்கூடத்துக்கு இட்டுனு போ! பள்ளிக்கூடத்துக்கு இட்டுனு போ!”

பக்கத்துக் குடிசைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வம்மாள் கோபாலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“இன்னா கேக்கறா?”

தனக்கோடி தயங்கினாள். “பள்ளிக்கூடம் போவணுமாம்.”

செல்வம்மாளின் முகம் மாறியது. அங்கே நின்றிருந்த மூன்று நான்கு பெண்களையும் பார்த்தாள். எந்த வீட்டிலும் ஆத்தா அதுவரைக்கும் வெளியே போகவேண்டும் என்று கேட்டதில்லை. ஆனால் கேட்டதை மறுக்கக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு முறைக்கு இன்னொரு முறை குறுக்கே நின்றது.

“எத்தினி தபா கேட்டா?” என்றாள் செல்வம்மாள் மெதுவாக.

“மூணு தபா.”

“மூணு தபா கேட்டாளா? அப்பால இன்னாமே நிக்கறே? தூக்கு.”

தனக்கோடி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அது யார் கேட்டது என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. குனிந்து தூக்கினாள்.

கையில் வேப்பிலையோடு அவள் முன்னால் நடந்தாள். செல்வம்மாள் பின்னால் வந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிக் கைகூப்பினார்கள். ஏரியில் இறங்கியிருந்தவர்களும் பறியைக் கடித்தபடியே கரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒருத்தர் பின் ஒருத்தராக ஏறி வந்தார்கள். ஆத்தா தானே நடந்து போகிறாள் என்று சேதி பரவியது. கடற்கரைக் குப்பத்திலிருந்து கருவாடு விற்க வந்திருந்த நாலு பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய்ச் சேரும்போது ஐம்பது பேர் இருப்பார்கள்.

ரோசியம்மா கஞ்சி துழாவிக்கொண்டிருந்த அகப்பையோடு வெளியே வந்து நின்றாள். தருமலிங்கம் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

“சாமி,” என்றாள் செல்வம்மாள், “ஆத்தா வந்துட்டா. அவ முத்துல இருந்து எங்க புள்ளைங்களுக்கும் குடுங்க.”

அதற்கு முன் வாரம் இதே கிடங்கில் கத்தியைப் பார்த்ததும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் இவர்கள். இப்போது இடித்துக்கொண்டு நின்றார்கள். தருமலிங்கம் எதையும் விளக்கவில்லை. வேலம்மாவை மரப்பெட்டி மேல் உட்காரவைத்தார். ரோசியம்மா அவள் வலது கையில் கஞ்சி கொடுத்தாள். அவள் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே இடது கையில் கத்தி நுனி பட்டது. முத்தின் விளிம்பில் தெளிந்த நீர் பனி மாதிரி துளிர்த்தது.

“தாயி, உன் சின்னதைக் கொண்டா. முதல்ல அதுக்கு,” என்றார்.

கூட்டத்தில் ஒருத்தி தூக்கிவந்த குப்பம்மாள் இப்போது தனக்கோடியின் இடுப்பில் இருந்தாள். தனக்கோடி ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள்.

ஆடியில் ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டார் ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டுக் கடைசியாகத்தான் குடிப்பார்கள். எந்த வீட்டில் ஆத்தா இருக்கிறாளோ அந்த வீடு கடைசி. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கையில் சோறு எடுப்பதுபோல அது பழக்கம். முதலில் போய் நிற்க அவளுக்குக் கூசியது. சுற்றிலும் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாருக்கும் ஆவட்டும் சாமி. நான் அப்பால.”

“அம்மா, பால் கொஞ்சம்தான்—”

அதற்குள் கருவாட்டுக்காரி ஒருத்தி தன் பிள்ளையின் கையை நீட்டிவிட்டாள். பின்னால் இன்னொரு கை. தருமலிங்கம் குனிந்த தலை நிமிரவில்லை. முத்தில் கத்தி நுனியைத் தொடுவார், பிள்ளையின் கையில் கீறுவார், மறுபடி தொடுவார். அழுகையும் மூச்சு வாடையும் வெயிலும் சேர்ந்து கிடங்கு புழுங்கியது. ஒன்பதாவது பிள்ளை செல்வம்மாளின் கோபால். அவன் கையில் கீறிவிட்டுத் திரும்பி முத்தைத் தொட்டபோது கத்தி நுனியில் ரத்தம் வந்தது. அழுத்திப் பார்த்தார். ரத்தம்தான் வந்தது.

“அவ்வளவுதான்,” என்றார்.

பால் தீர்வதைப் பார்த்து நெருங்கி வந்து பத்தாவதாக நின்றவள் தனக்கோடி. அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர்.

“கொஞ்சூண்டு, சாமி.”

“வத்திப் போச்சும்மா. வெறும் ரத்தத்தைக் குத்தி என்ன பண்றது?” அவர் அவளைப் பார்த்தார். “முதல்ல வான்னு கூப்பிட்டேனே. ஏம்மா வரலை?”

அவளால் அவருக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

“எட்டு நாள்,” என்றார் அவர். “இந்த ஒன்பது பேர்ல யாராவது எட்டாம் நாள் காலையில வந்தா உன் பிள்ளைக்குத்தான் முதல்ல. சத்தியம். வர வைக்கிறது உன் பொறுப்பு.”

மறுநாள் ஒன்பதாம் நாள். வேலம்மாவுக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் ஊற்றினாள். கொப்புளம் கறுத்துப் பொருக்கு கட்டியது. அடுத்த நாள் பறியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். கை சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும், மனசு நாளை எண்ணிக்கொண்டிருக்கும். கருவாட்டுக்காரிகளின் நாலு பிள்ளைகள் படகேறிப் போய்விட்டன. அவர்கள் எந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று தெரியாது. குப்பத்தில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் எடுத்தது. ஐந்து கூரையிலும் வேப்பிலை ஏறியது.

அவர்களுக்குக் குத்திய ஐந்தாம் நாளிலிருந்து அவள் கரையேறியதும் வீடு வீடாகப் போனாள். எட்டாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வாங்க என்று கேட்டாள். ஒவ்வொருத்தியும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“ஆத்தா கேக்கலியே தனக்கோடி. உன் வூட்ல கேட்டா, போனே. எங்க வூட்ல எளநி கேட்டா.”

“எங்க வூட்ல வளையல் கேட்டா.”

“இவன் பள்ளிக்கூடம்னா கத்தறான். கத்தியப் பாத்தவனாச்சே.”

தசரதனிடம் சொன்னபோது அவன், “புள்ளைங்களுக்குக் கத்துக் குடுத்துக் கேக்கச் சொல்லேன்,” என்றான்.

“ஆத்தாளுக்கா கத்துக் குடுப்பாங்க?”

“உன் பொண்ணுக்கு யாரு கத்துக் குடுத்தா?”

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கும் தெரியும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் குப்பத்தின் வடக்குக் கோடியில் படகுக்காரன் ஒருத்தனுடைய வீட்டில் அம்மை கண்டது. கத்தி குத்திய அம்மை அல்ல. மூன்று வயதுப் பையன், முகம் முழுக்க. தனக்கோடி பாதிப் பறியோடு கரையேறி, நனைந்த துணியைக்கூடப் பிழியாமல், குப்பம்மாளைத் தூக்கிக்கொண்டு செல்வம்மாள் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகக் கூடாது. வேப்பிலைக்கு வெளியே நின்றாள்.

“அக்கா.”

செல்வம்மாள் கோபாலை மடியில் வைத்தபடி வாசல் ஓரம் வந்தாள். அவன் கையில் முத்து பழுத்திருந்தது. தெளிவாக, உருண்டையாக.

“வடக்கால கண்டுட்டுதாமே,” என்றாள் செல்வம்மாள்.

“ஆமா. நாளைக்கி எட்டாம் நாளுக்கா. கோபாலத் தூக்கினு வா.”

“எனக்கு மட்டும் ஆச இல்லியாமே? எப்படி வருவேன்? பேச்சு வந்த புள்ளையா இது, வாயத் தொறந்து கேக்கறதுக்கு? உன் வூட்ல கேட்டா. மூணு தபா. ஊரே கேட்டுச்சு.”

குப்பம்மாள் இடுப்பில் கனத்தாள். தனக்கோடி பிள்ளையை இடம் மாற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கிக் கேட்டது ஆத்தா இல்லக்கா.”

“பின்ன?”

“எம் பொண்ணு. நாலு நாளா உப்பில்லாத கூழு. அதுக்குக் கஞ்சி நெனப்பு வந்துட்டுது. அழுதுது. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் தூக்கினேன்.”

செல்வம்மாள் குரலை இறக்கினாள். “வாயக் கழுவுமே. உள்ள ஆத்தா குந்தினு இருக்கா.”

“இருக்கட்டும். அவளும் கேக்கட்டும்.”

கோபால் மார்புக்குத் தாவினான். அவனுக்குப் பால் கொடுக்கத் துணியை விலக்கியபடியே, தனக்கோடியைப் பார்க்காமல் செல்வம்மாள் கேட்டாள்.

“அப்போ உன் பெரியவன்? நீ ஏரிக்குப் போனதாலதான்னு நான் சொன்னனே.”

“சொன்னே.”

“அது?”

“வூட்ல ஒண்ணியும் இல்லன்னு நான் ஏரிக்குப் போனேன். அம்மை வந்து அவன் செத்தான். ரெண்டும் வேற வேறக்கா.”

இதை அவள் இந்த இரண்டு வருசத்தில் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அப்படியே அடித்தது. நனைந்த புடவையிலிருந்து தண்ணீர் காலடி மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. கோபால் பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

செல்வம்மாள் அவன் கையை எடுத்துப் பார்த்தாள். முத்தின் மேல் விரல் படாமல் பார்த்தாள்.

“காலைலயா, கஞ்சி ஊத்துற நேரத்துலயா?”

“காலைல. வெயில் ஏறினா பால் கெட்டியாயிடுமாம்.”

“சரி,” என்றாள் செல்வம்மாள். “இந்தத் தபாவாச்சும் நீ மொதல்ல நில்லு.”